ஐலம்மாவுக்கு இணையான ஆண்பெயர்

ஹைதராபாத்தின் கோட்டிப் பகுதியில், பழைய பிரிட்டிஷ் ரெசிடென்சி வளாகத்தில் இயங்கும் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு 2024இல் சாகலி ஐலம்மாவின் பெயர் சூட்டப்பட்டது. பாலகுர்த்தி வட்டாரத்தில் தேஷ்முக் நிலவுடைமையை எதிர்த்துத் தம் நிலத்தையும் விளைச்சலையும் காத்து நின்று, தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் அடையாளமாக மாறிய சலவைத் தொழிலாளர் குலப் பெண்மணி அவர், 1985இல் மறைந்தார். ஐலம்மா என்னும் பெயருக்கு இணையான ஆண்பெயர் எது என்று கேட்டால், தெலங்கானாக் கிராமத்தார் எவரும் தயங்காமல் ‘ஐலய்யா’ என்பர்.

அதே வளாகத்தோடு தொடர்புடைய இன்னொரு பெண்பெயர் கைருன்னிஸா. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த மாளிகையைக் கட்டுவித்த ரெசிடெண்ட் ஜேம்ஸ் அகிலிஸ் கிர்க்பாட்ரிக்கின் மனைவி அவர். அவருக்கென அங்கே ரங்க மஹால் என்னும் தனி மாளிகை எழுந்தது. கைருன்னிஸாவுக்கு இணையான ஆண்பெயர் எது? இக்கேள்விக்கு ஐலம்மாவுக்குக் கிடைத்தது போன்ற உடனடி விடை இல்லை. ஒரு பெயர்ச்சொல்லின் வேரை ஆராய்ந்தால் எதிர்ப்பாலுக்குரிய இணையைக் கண்டடையலாம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கை எங்கே பலிக்கிறது, எங்கே பொய்க்கிறது என்பதை ஆராய இவ்விரு பெயர்களும் நல்ல தொடக்கம்.

இது வெறும் சொல்விளையாட்டு அன்று. தமிழில் பேரன், பேர்த்தி என்னும் உறவுச்சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் மரூஉ; மூத்தோரின் பெயரைத் தாங்குவோர் என்பது பொருள். பாட்டியின் பெயரை ஏற்கவேண்டிய முதற்குழந்தை ஆணாகப் பிறந்தால் குடும்பம் இணைப்பெயரைத் தேடியே ஆகவேண்டும். இரட்டைக் குழந்தைகளுக்குப் பெயரிடும் பெற்றோரும் தேடுகின்றனர். இவர்களைவிட ஆழ்ந்த தேவையோடு தேடுவோர் திருநங்கையரும் திருநம்பியரும். பிறப்பில் இட்ட பெயரை முற்றிலும் துறக்க விரும்புவோர் பலர். ஆனால் பாட்டனின் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ தாங்கியிருந்தமையால், அந்த இழையை அறுக்காமல் பாலை மட்டும் மாற்ற விரும்புவோரும் உண்டு. அவர்களுக்கு இணைப்பெயர் என்பது குடும்பத்தோடு எஞ்சியிருக்கும் உறவின் கேள்வி.

முதலில் வேர்வழியைப் பார்க்கலாம். செல்வன்–செல்வி, அரசன்–அரசி, நம்பி–நங்கை எனத் தமிழிலேயே தெளிவான இணைகள் உள. திருநங்கை, திருநம்பி என்னும் இன்றைய சொற்கள் இந்தப் பழைய இணையின்மேல் எழுந்தவை. வடமொழியில் கிருஷ்ணன்–கிருஷ்ணா (பாஞ்சாலியின் பெயர்களுள் ஒன்று), கௌரன்–கௌரி எனப் பல இணைகளை இலக்கணமே தருகிறது.

ஆனால் லட்சுமி என்னும் பெயரை எடுத்துக்கொண்டால் சிக்கல் தொடங்குகிறது. குறி, அடையாளம் என்னும் பொருளுடைய ‘லக்ஷ்’ என்பதிலிருந்து தோன்றியது லக்ஷ்மீ. நற்குறி, ஆகவே திரு. அதே வேரிலிருந்து, நற்குறிகளை உடையவன் என்னும் பொருளில் தோன்றியது லக்ஷ்மணன். வேரை மட்டும் நோக்கினால் லட்சுமியின் ஆண்பால் இணை லட்சுமணனே. கதைமரபோ இதற்கு நேர்மாறானது. லட்சுமியின் அவதாரமாகக் கொள்ளப்படும் சீதைக்கு இலக்குவன் கொழுந்தன். லட்சுமிக்கு இணை கேட்டால் மரபறிந்தவர் நாராயணன் என்பார். அவ்விரு சொற்களுக்கும் வேரளவில் எந்த உறவும் இல்லை. ஆக, சொல்லின் பிறப்பு ஒரு விடையையும் தெய்வக்கதை வேறொரு விடையையும் தருகின்றன.

மீனாட்சி என்னும் பெயரில் இந்த முரண் இன்னும் தெளிவாகிறது. மீன் போன்ற கண்ணுடையவள் என்னும் பொருளுக்கு இலக்கணம் தரும் ஆண்பால் வடிவம் மீனாக்ஷன். அப்பெயரைத் தாங்கிய பேரனைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. மீனாட்சிப் பாட்டியின் பேரன் மீனாட்சிசுந்தரம் ஆகிறான். உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் (1815–1876) பெயரும் இவ்வகையதே. இங்கே தேவியின் பெயர் சிறிதும் மாறவில்லை. மதுரைக் கோயிலில் அவளருகே நிற்கும் சுந்தரேசுவரர் பின்னால் வந்து சேர்ந்துகொள்கிறார். சிவகாமிநாதன், வள்ளிநாயகம் ஆகியனவும் இவ்வழியில் அமைந்தவை. ஒன்று கவனிக்கத்தக்கது: பெண்பெயர் ஆண்பெயராக மாறுகையில் நாதனும் நாயகமும் வந்துவிடுகின்றனர். பாட்டியின் பெயரை ஏற்ற பேரனுக்கு, பெயரளவில், அப்பாட்டி வணங்கிய தேவியின் கணவனது இடம் கிடைக்கிறது.

வடமொழி இலக்கணத்தில் இந்தச் சாய்வு விதியாகவே பதிவாகியுள்ளது. பாணினியின் அட்டாத்தியாயியில் 4.1.49 என்னும் சூத்திரம் இந்திரன், வருணன், பவன், சர்வன், ருத்ரன் முதலிய சொற்களுக்குப் பெண்பாலில் ‘ஆன்’ என்னும் இடைநிலையைத் தருகிறது: இந்திராணி, வருணானி, பவானி, சர்வாணி, ருத்ராணி. இவற்றின் பொருள் இன்னாரின் மனைவி என்பதாகும். ஆசார்யானீ என்பவள் ஆசிரியரின் மனைவி. தானே ஆசிரியையாக இருப்பவள் ஆசார்யா. எனவே பவானிக்கு இணை பவன் என்று வேர்வழியில் சொல்லும்போது, ஒரு பெயருக்குச் சமமான மறுபெயரைச் சொல்லவில்லை. மனைவியின் பெயரிலிருந்து கணவனின் பெயரைப் பிரித்தெடுத்திருக்கிறோம். பார்வதி பர்வதத்தின் மகள். ஜானகி ஜனகனின் மகள். ஜானகிக்கு இணையாக ஜனகன் என்றால், இணையைக் கேட்டவருக்குத் தந்தை கிடைக்கிறார். சொற்பிறப்பியல் பொய் சொல்வதில்லை. பெயர் பிறந்த காலத்தின் சார்புநிலையையும் சேர்த்தே பாதுகாத்து வைத்திருக்கிறது.

இனி ஹைதராபாத்தின் மறுபாதியான அரபு, பாரசீகப் பெயர்களுக்கு வரலாம். அரபியில் பெண்பாலுக்கு ‘தா மர்பூத்தா’ என்னும் ஈறு பெரும்பாலும் போதுமானது: காலித்–காலிதா, ஜமீல்–ஜமீலா, சயீத்–சயீதா. ஆயினும் அதே ஈறு கொண்ட தல்ஹா, ஹம்ஸா, உஸாமா ஆகியன ஆண்பெயர்கள்; அவ்வீறு இல்லாத ஸைனப், மர்யம் ஆகியன பெண்பெயர்கள். பெயரின் கடைசி ஒலியைக் கொண்டு பாலை ஊகிக்கும் பழக்கம் கணினி நிரல்களிலும் அலுவலக எழுத்தர்களிடமும் உண்டு. கிருஷ்ணா, சூர்யா என ஆகாரத்தில் முடியும் ஆண்பெயர்கள் மலிந்த தெலுங்கு நாட்டில் அப்பழக்கம் இருமடங்கு தவறுகளைத் தரும்.

கைருன்னிஸா என்பது இரு சொற்களின் சேர்க்கை: கைர் என்றால் நன்மை, சிறப்பு, நிஸா என்றால் பெண்கள். பெண்களுள் சிறந்தவள் என்பது பொருள். வேரைப் பின்தொடர்ந்தால் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்னும் பொருளுடைய முக்தார் கிடைக்கும்; அதுவும் அதே மூவெழுத்து வேரிலிருந்து பிறந்தது. ஆனால் முக்தாரைக் கைருன்னிஸாவின் இணை என எந்தக் குடும்பமும் எண்ணாது. வழக்கில் உள்ள இணை கைருத்தீன். கமருத்தீன்–கமருன்னிஸா, நூருத்தீன்–நூருன்னிஸா என்று தமிழ் முஸ்லிம் குடும்பங்களும் இவ்வமைப்பை நன்கு அறியும். இங்கே முதற்சொல் மாறுவதில்லை. வாலாக வரும் சொல்லே பாலைச் சொல்கிறது. எனினும் அவ்விரு வால்களும் சம எடை உடையவை அல்ல. கமருத்தீன் மார்க்கத்தின் நிலவு. கமருன்னிஸா பெண்களின் நிலவு. ஆணுக்கு அளவுகோல் மார்க்கம் முழுவதும். பெண்ணுக்கு அளவுகோல் பிற பெண்கள்.

பாரசீகத்தில் இலக்கணப் பாலே இல்லை. சூரியனைக் குறிக்கும் குர்ஷீத் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயராக வரும். ஆகவே தக்காணத்தில் பட்டச்சொற்கள் அவ்வேலையை ஏற்றன. நிஜாம் அலிகானின் அவையில் புகழ்பெற்ற உருதுக் கவிஞர் மாஹ் லகா பாய் சந்தா (1768–1824) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாஹ் லகா என்றால் நிலவு முகம். அது ஆண்முகமா பெண்முகமா என்று சொல்லில் இல்லை. பாய் என்னும் வால்தான் அதைச் சொல்கிறது. மௌலா அலிக் குன்றின் அடிவாரத்தில் மகளும் தாயும் அடக்கமாகியுள்ளனர். தாயின் பெயர் ராஜ் கன்வர் பாய். கன்வர் என்பது குமாரன் என்னும் ஆண்பாற்சொல்லின் திரிபு. அரசகுமாரனைக் குறிக்கும் சொல் ஒரு பெண்ணின் பெயரில் தடையின்றி அமர்ந்திருக்கிறது.

நகரத்தின் பெயரைப் பற்றிய கதையிலும் இதுவே நிகழ்கிறது. முகம்மது குலி குதுப் ஷா காதலித்த பாக்மதி ‘ஹைதர் மஹால்’ என்னும் பட்டம் பெற்றதால் நகரம் ஹைதராபாத் ஆயிற்று என்பது மக்கள் வழக்கு. ஷெர்வானி போன்ற வரலாற்றாசிரியர்கள் அக்கதையை ஏற்கவில்லை. ஹைதர் என்றால் சிங்கம். ஹஸ்ரத் அலியின் பட்டப்பெயர். கதை உண்மையோ பொய்யோ, சிங்கத்தின் பெயரை ஒரு பெண்ணுக்குச் சூட்ட ‘மஹால்’ என்னும் வால் ஒன்றே போதும் என்று அதைச் சொன்னவர்கள் கருதினர் என்பது மெய்.

இப்போது தெலுங்குக்குத் திரும்பலாம். தமிழர் பலரை வியக்கவைக்கும் ஒரு கூறு தெலுங்கு இலக்கணத்தில் உண்டு. தமிழில் அவன் வந்தான், அவள் வந்தாள், அது வந்தது என மூன்று வினைமுற்றுகள். தெலுங்கு ஒருமையில் இரண்டே: வாடு வச்சாடு (அவன் வந்தான்), ஆமெ வச்சிந்தி (அவள் வந்தாள்). பசு வந்தாலும் ‘ஆவு வச்சிந்தி’ தான். ஒருமையில் பெண்ணும் அஃறிணையும் ஒரே வினையைப் பகிர்கின்றன. பன்மையில் பெண்கள் ஆண்களோடு சேர்ந்து உயர்திணை ஆகின்றனர். உஸ்மானியாவில் மொழியியல் துறையை வளர்த்தவரும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவருமான பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி (1928–2012), திராவிட மொழிகள் பற்றிய 2003ஆம் ஆண்டு நூலில் இத்தகைய பால்பாகுபாட்டு வகைகளை விரிவாக ஒப்பிட்டுள்ளார். தமிழின் ‘அவள்’ தென்திராவிடக் கிளையில் பின்னர்த் தோன்றிய புத்தாக்கம் என்பது அவர் கருத்து.

வினைமுற்று பெண்ணுக்கெனத் தனியிடம் தராத மொழியில், பெயரின் வால் அவ்விடத்தைத் தருகிறது. தெலங்கானாவின் பெயரிடு முறையைப் பாருங்கள். கொமுரவெல்லி மல்லன்னாவின் பெயரால் கொமுரய்யா, கொமுரம்மா. யாதகிரிகுட்ட நரசிம்மரின் பெயரால் யாதய்யா, யாதம்மா. வேமுலவாட ராஜன்னாவின் பெயரால் ராஜய்யா, ராஜம்மா அல்லது ராஜவ்வா. ஐலய்யா, ஐலம்மா என்பன வாரங்கல் அருகே ஐனவோலில் கோயில் கொண்ட அயிலோனி மல்லன்னாவின் பெயரால் அமைந்தவை என்பர். அடிச்சொல் ஓர் ஊரையோ குன்றையோ சுட்டுகிறது. ஊருக்குப் பால் இல்லை. அதன்மேல் அய்யா, அம்மா என்னும் இரு உறவுச்சொற்கள் சம எடையோடு அமர்கின்றன. ஒருவர் தந்தை போன்றவர், மற்றவர் தாய் போன்றவர். எவரும் எவருக்கும் மனைவி அல்லர், மகளும் அல்லர்.

அம்மன் பெயர்களில் இம்முறை இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆஷாட மாதத்தில் போனாலு விழா காணும் ஹைதராபாத்தில் பல்கம்பேட்டை எல்லம்மா, ஏரிக்கரையைக் காக்கும் கட்ட மைசம்மா, தெருத்தோறும் போச்சம்மா எனத் தாய்த்தெய்வங்களே முதன்மை பெறுகின்றனர். அவர்களிடம் நேர்ந்துகொண்டு பிறந்த ஆண்குழந்தைகள் எல்லய்யா, மைசய்யா, போச்சய்யா ஆகின்றனர். மேடாரத்துச் சம்மக்கா, சாரக்கா பெயரால் சம்மய்யா, சாரய்யா. இங்கே பெண்பெயரே மூலம். ஆண்பெயர் அதிலிருந்து பிறந்தது. போச்சய்யா போச்சம்மாவின் கணவன் அல்லன். அவள் பெயரைத் தாங்கிய பிள்ளை. தமிழகத்திலும் இதே மரபு உண்டு: மாரியம்மனிலிருந்து மாரியப்பன், மாரிமுத்து, இசக்கியம்மனிலிருந்து இசக்கியப்பன், இசக்கிமுத்து, பேச்சியம்மனிலிருந்து பேச்சிமுத்து. மீனாட்சிக்குச் சுந்தரம் தேவைப்பட்ட அதே மண்ணில் இசக்கிக்கு நாதன் தேவைப்படவில்லை. பெருங்கோயில் மரபு கணவனைச் சேர்த்தும், ஊர்த்தெய்வ மரபு உறவுச்சொல்லைச் சேர்த்தும் ஆண்பெயரை ஆக்குகின்றன.

இதைப் போற்றும்போது இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அய்யா, அம்மா என்பவை பாலை மட்டும் குறிப்பன அல்ல, மரியாதையையும் சுமப்பன. ஆதிக்கச் சாதியினரின் வாயில் எல்லய்யா ‘எல்லிகாடு’ ஆனான். எல்லம்மா ‘எல்லி’ ஆனாள். மரியாதை வெட்டப்பட்டபோது, இழிவான வடிவிலேனும் ஆணுக்கு ‘காடு’ என்னும் ஒரு வால் எஞ்சியது. பெண்ணுக்கு வெறும் அடிச்சொல்லே எஞ்சியது. தலித், பிற்படுத்தப்பட்ட குடும்பங்களின் புதிய தலைமுறை இப்பெயர்களை உதறிவிட்டு வேறு பெயர்களை நாடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. இதற்கு எதிர்த்திசையில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த காஞ்ச ஐலய்யா, ஐலய்யா என்னும் அதே பெயரோடு நூல்கள் எழுதி, போச்சம்மா வழிபாட்டை ஒரு மாற்றுப் பண்பாட்டின் சான்றாக 1996இல் முன்வைத்தார். பல்கலைக்கழகப் பெயர்ப்பலகையில் இன்று ஐலம்மா நிற்பதும் முழுப்பெயரோடுதான். வாலை வெட்டாமல் ஒரு பெயரை எழுதுவதே அரசியலாக இருந்த ஊரில் இது சிறிய செய்தி அன்று.

திருநர் சமூகத்துக்கு இவ்வூரில் பெயர் என்பது அச்சத்தின் வரலாறும் ஆகும். பசலி 1329இல், அதாவது 1919இல், நிஜாம் அரசு இயற்றிய ஒரு சட்டம் திருநங்கையரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் பதிவேட்டில் எழுத வழிசெய்தது. பெண்ணுடை அணிந்து பொதுவிடத்தில் காணப்பட்டாலே பிடியாணையின்றிக் கைது செய்யலாம் என்றது. அச்சட்டம் 2023 ஜூலையில்தான் தெலங்கானா உயர்நீதிமன்றத்தால் அரசமைப்புக்கு முரணானது எனச் செல்லாததாக்கப்பட்டது. இடையில், 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தம் பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, அடையாளச் சான்றிதழ் பெற்றவர் பிறப்புச் சான்றிதழிலும் பிற ஆவணங்களிலும் தம் முதற்பெயரை மாற்றிக்கொள்ள வழி வகுத்தது. ஒரு காலத்தில் கண்காணிப்புக்காக எழுதப்பட்ட பெயரை இன்று தாமே எழுதிக்கொள்ளலாம். அந்த வெற்றிடத்தில் எதை எழுதுவது என்னும் கேள்வியே மீண்டும் இணைப்பெயரிடம் கொண்டுவந்து விடுகிறது.

இத்தகைய தேடலில் சொற்பிறப்பியல் அகராதியை முதலில் திறப்பது சரியான வரிசை அன்று. முதலில் கேட்கவேண்டியது, இப்பெயர் யாரிடமிருந்து வந்தது என்பது: ஒரு மூதாதையிடமிருந்தா, ஒரு தெய்வத்திடமிருந்தா, ஓர் ஊரிலிருந்தா? யாதய்யா என்னும் பெயரோடு வளர்ந்தவர் யாதம்மா ஆகும்போது குட்டையும் நரசிம்மரும் நேர்த்திக்கடனும் அப்படியே நிற்கின்றன. பாட்டனின் பெயரும் அறுபடவில்லை. இரண்டாவதாகப் பார்க்கவேண்டியது வால்: அது சம எடையுடையதா, அல்லது ஒருவரை மற்றவரின் மனைவியாகவோ மகளாகவோ ஆக்குகிறதா? பவானி என்னும் பெயரைத் துறக்கும் திருநம்பிக்குப் பவன் பொருந்தலாம். அவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள உறவை அறிந்து தேர்ந்தெடுப்பது அவர் உரிமை. வேர் மூன்றாவதாகத்தான் வரவேண்டும். முதலிரு வழிகளும் அடைபட்டவருக்கு அது புதிய கதவைத் திறக்கும். கைருன்னிஸாவிலிருந்து முக்தார் என்பது குடும்பத்துக்கு வெளியே நிற்கும் பெயர். ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்’ என்னும் அதன் பொருளே சிலருக்குப் போதுமான காரணமாக அமையலாம்.

லட்சுமிக்கு இணை லட்சுமணனா, நாராயணனா, லட்சுமய்யாவா என்றால் மூன்றுமே சரி. முதலாவது சொல்லின் விடை, இரண்டாவது கதையின் விடை, மூன்றாவது ஊரின் விடை. மொழியியல் செய்யக்கூடியது, அம்மூன்றும் வெவ்வேறு விடைகள் என்று தெளிவாக்கி, ஒவ்வொன்றிலும் யாருக்கு எந்த இடம் கிடைக்கிறது என்று காட்டுவது. அதற்குமேல் தீர்மானிக்கவேண்டியவர், அப்பெயரால் அழைக்கப்படும்போது திரும்பிப் பார்க்கப்போகிறவரே.